சட்டை கழற்றிய சண்டைக்காரன்!

35 குதிரைகளை அடக்கிய ஓசூர் மோட்டார் சைக்கிள்

பவானி கடைவீதியில் எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. ஜமக்காளக் கட்டைச் சுமந்து செல்லும் மொபெட், பால் கேன்களைக் கட்டிய மொபெட், கணவன்-மனைவி-குழந்தை மூவரும் ஏறிச்செல்லும் ஸ்கூட்டர்... இவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால், ஒருவகை வண்டி வந்து நின்றால் மட்டும் பள்ளிக்கூடப் பையன்கள் சுற்றி நின்றுகொள்கிறார்கள். பெரியவர்களும் ஒரு கணம் நின்று பார்க்கிறார்கள்.

அந்த வண்டிக்கு மேல் மூடி கிடையாது. என்ஜின் வெளியே தெரிகிறது. இரும்புக் குழாய்களால் ஆன உடற்கூடு வெளியே தெரிகிறது. முன்விளக்கு முறைத்துப் பார்க்கிறது. திமில் பெருத்த காளையைப்போல, முன்பக்கம் கனத்து, பின்பக்கம் சிறுத்து நிற்கிறது!

இந்த வகை வண்டிக்கு ஆங்கிலத்தில் 'நேக்கட் ஸ்ட்ரீட்பைட்டர்' என்று பெயர். தமிழில் சொன்னால், 'சட்டை போடாத தெருச் சண்டைக்காரன்'!

ஒரு வாகனத்துக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? வாலிபர்கள் இதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்களே, அதற்குக் காரணம் என்ன? பெற்றோர்கள் இதைக் கண்டு பயப்படுகிறார்களே, அந்தப் பயம் நியாயமானதா?

பார்ப்போம்.

சட்டை வந்த கதை

ஒரு காலத்தில் எல்லா மோட்டார் சைக்கிள்களுமே சட்டை போடாதவைதான்.

சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் 1955-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அங்கு தயாரான 'புல்லட்' வண்டியைப் பாருங்கள். என்ஜின் வெளியேதான் இருந்தது. பெட்ரோல் டாங்கி, சீட்டு, இரண்டு சக்கரம், ஒரு கைப்பிடி. அவ்வளவுதான்.

பிறகு சட்டை எப்படி வந்தது?

பந்தயம்தான் காரணம். வண்டி வேகமாக ஓடும்போது, காற்று எதிர்த்துத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கு ஆனால், காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகிவிடும்!

ஆகவே, பந்தய வண்டிகளுக்குக் காற்றைக் கிழித்துச்செல்லும் மூடி ஒன்றை மாட்டினார்கள். ஓட்டுகிறவர் அதன் பின்னால் குனிந்து, படுத்தபடி ஓட்டுவார்.

1980-களில் இந்தப் பந்தயச் சட்டை, கடையில் விற்கும் வண்டிகளுக்கும் வந்தது. ஜப்பான் நாட்டின் சுசுகி நிறுவனம் 1985-ல் வெளியிட்ட 'ஜி.எஸ்.எக்ஸ்.-ஆர். 750' இதில் புகழ் பெற்றது. பந்தய மைதானத்தில் இருந்து நேராகத் தெருவுக்கு வந்ததுபோல் அது இருந்தது.

சட்டை கிழிந்தது!

இங்கிலாந்திலும், ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் வாலிபர்கள் இந்த வண்டிகளை ஆசையோடு வாங்கினார்கள். வேகமாக ஓட்டினார்கள். கீழே விழுந்தார்கள்.

விழுந்ததும் முதலில் உடைவது எது? அந்த அழகான மூடிதான்! புதிய மூடி வாங்கப் பெரும்பணம் தேவைப்பட்டது. அவ்வளவு பணம் அவர்களிடம் இல்லை.

'மூடி இல்லாவிட்டால் என்ன? என்ஜின் நன்றாகத்தானே இருக்கிறது!' என்று நினைத்தார்கள். உடைந்த மூடியைக் கழற்றி எறிந்தார்கள். தாழ்ந்த பந்தயக் கைப்பிடியை எடுத்துவிட்டு, அகலமான கைப்பிடியை மாட்டினார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து தெருவில் ஓட்டினார்கள்.

அடிபட்டு, சட்டை கிழிந்து, அப்படியும் ஓயாமல் நிற்கும் சண்டைக்காரனைப்போல அந்த வண்டிகள் காட்சி அளித்தன. அந்தத் தோற்றத்துக்குப் பெயரும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஏழ்மையில் பிறந்த இந்தத் தோற்றம், பிறகு கம்பெனிகளின் கண்ணிலும் பட்டது. இத்தாலி நாட்டின் டுகாட்டி நிறுவனத்துக்காக மிகேல் கலூசி என்பவர் ஒரு வண்டியை வடிவமைத்தார். 1993-ல் அது விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் 'மான்ஸ்டர்'. அதாவது, 'பூதம்'! அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் டிரயம்ப் நிறுவனம் 'ஸ்பீடு டிரிபிள்' என்ற வண்டியை வெளியிட்டது.

இந்தியாவில் இந்த ஆசையைப் பரப்பியது, 2012-ல் வந்த 'கே.டி.எம். டியூக் 200'. புனே அருகே சாக்கனில் உள்ள பஜாஜ் தொழிற்சாலையில் அது தயாரானது.

ஓசூரில் பிறந்தவன்

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

பவானியில் இருந்து சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஊர்களைத் தாண்டிச் சென்றால் ஓசூர் வரும். அங்குள்ள டி.வி.எஸ். தொழிற்சாலையில் 1980-ம் ஆண்டில் 'டி.வி.எஸ். 50' என்ற மொபெட் தயாரானது.

அந்த மொபெட்டையும், அதன் வழிவந்த 'எக்ஸ்.எல்.' வண்டியையும் அறியாத கிராமம் தமிழ்நாட்டில் உண்டா? நெசவாளிக்கு அது சுமை வண்டி. விவசாயிக்கு அது புல்லுக்கட்டு வண்டி. பால்காரருக்கு அது பால் வண்டி.

அதே ஓசூரில்தான், இப்போது ஒரு சண்டைக்காரனும் தயாராகிறான்!

டி.வி.எஸ். நிறுவனமும், ஜெர்மனி நாட்டின் பி.எம்.டபிள்யூ. நிறுவனமும் 2013-ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சிறிய மோட்டார் சைக்கிள்களைச் சேர்ந்து உருவாக்குவது என்று முடிவாயிற்று. அதன் பயனாக 'பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர்' என்ற சட்டை போடாத வண்டி, 2015-ல் உலகுக்குக் காட்டப்பட்டது. அது தயாரானது ஓசூரில்!

2017 டிசம்பரில், அதே குடும்பத்து என்ஜினை வைத்து 'அபாச்சி ஆர்.ஆர். 310' என்ற வண்டியை டி.வி.எஸ். வெளியிட்டது. அது முழுச்சட்டை போட்ட பந்தய வண்டி.

2023 செப்டம்பரில், தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கில் இன்னொரு வண்டி அறிமுகமானது. அதன் பெயர் 'அபாச்சி ஆர்.டி.ஆர். 310'. முழுச்சட்டை போட்ட அண்ணனுக்கு, சட்டை போடாத தம்பி! கைப்பிடி உயர்ந்தது. அகலமானது. மூடி போய்விட்டது.

ஐரோப்பிய வாலிபர்கள் பணம் இல்லாமல் செய்ததை, ஓசூரில் என்ஜினீயர்கள் திட்டம் போட்டுச் செய்தார்கள்!

திருப்பி வைத்த என்ஜின்

இந்த வண்டியின் என்ஜினில் ஒரு புதுமை இருக்கிறது.

சாதாரண மோட்டார் சைக்கிளில், என்ஜினுக்குப் பின்புறமாகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும். எரிந்த புகை முன்புறமாக வெளியே வரும். புகைக்குழாய் முன்னால் வளைந்து, அடியில் புகுந்து, பின்னால் செல்வதைப் பார்த்திருப்பீர்கள்.

ஓசூர் வண்டியில் இது தலைகீழ்! காற்று முன்புறமாக உள்ளே போகிறது. புகை பின்புறமாக வெளியே வருகிறது. என்ஜினும் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

இதனால் என்ன லாபம்? என்ஜினை முன்சக்கரத்தை ஒட்டி வைக்க முடிகிறது. முன்பக்கம் கனம் கூடுகிறது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்கிறது.

என்ஜினின் கொள்ளளவு 312 சி.சி. சிலிண்டர் ஒன்றுதான். நிமிஷத்துக்கு 9,700 சுற்றுச் சுற்றும்போது அது தன் முழுச் சக்தியைக் காட்டுகிறது. அதாவது, ஒரு நொடிக்கு 160 சுற்று! அந்த ஒரு நொடிக்குள் பெட்ரோல் 80 முறை எரிந்து வெடிக்கிறது.

வண்டியின் எடை 169 கிலோ. நின்ற இடத்தில் இருந்து கிளம்பி, 3 நொடிகளுக்குள் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும் என்று கம்பெனி கூறுகிறது.

அந்தியூர்ச் சந்தையும் 35 குதிரைகளும்

பவானிக்குப் பக்கத்து ஊர் அந்தியூர். ஆடி மாதத்தில் அங்கு குருநாதசாமி கோவில் திருவிழா நடக்கும். அப்போது கூடும் குதிரைச் சந்தையும், மாட்டுச் சந்தையும் தென்னாடு முழுவதும் பெயர் பெற்றவை.

அந்தச் சந்தையில் ஒரு நல்ல குதிரையை அடக்கிப் பிடிக்கவே தனித்திறமை வேண்டும்.

இந்த மோட்டார் சைக்கிளிலோ 35 குதிரைகள்! சரியாகச் சொன்னால், 35.6 குதிரைத்திறன்.

ஒரு குதிரைத்திறன் என்றால் என்ன? 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் சக்தி. அப்படியானால் 35 குதிரைகள் சேர்ந்து, ஒரே நொடியில் இரண்டரை டன் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கிவிடும்!

ஜமக்காளக் கட்டைச் சுமக்கும் மொபெட்டின் சக்தி சுமார் 4 குதிரைதான். எட்டு மொபெட்டுகளின் சக்தி, இந்த ஒரே வண்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

உலகில் இதைவிடப் பெரிய சண்டைக்காரர்களும் உண்டு. இத்தாலியில் 2020-ல் வெளிவந்த 'டுகாட்டி ஸ்ட்ரீட்பைட்டர் வி-4' வண்டியின் சக்தி 208 குதிரை! மூன்று சிறிய குடும்பக் கார்களின் சக்தியை, இரண்டு சக்கரங்களின்மேல் ஏற்றிவைத்ததற்குச் சமம் அது.

இத்தனை குதிரைகளுக்கும் கடிவாளம் ஒன்றுதான். வலது கை மணிக்கட்டு! அதைச் சிறிது திருகினால் போதும்.

ஏன் பிடிக்கிறது?

இந்த வண்டியை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணங்கள் பல.

பந்தய வண்டியில் குனிந்து உட்கார்ந்தால், அரை மணி நேரத்தில் முதுகு வலிக்கும், மணிக்கட்டு வலிக்கும். இதில் நிமிர்ந்து உட்காரலாம். கடைவீதியில் எதிரே வருகிறவர் யார், ஓரத்தில் நிற்கிற ஆடு எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

கைப்பிடி அகலமானது. ஆகவே, சிறிது தள்ளினாலே வண்டி திரும்பும். பவானியின் நெருக்கமான தெருக்களில் நெளிந்து செல்லும். காவிரிப் பாலத்தைத் தாண்டிக் குமாரபாளையம் பக்கம் சென்றாலும் சிரமம் தராது.

ஆனால், எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்த வண்டி எதையும் மறைப்பதில்லை!

எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தக் கம்பி எதைத் தாங்குகிறது என்று வெளியில் நின்றே பார்க்கலாம். எந்திரத்தின் வேலைதான் அதன் அழகு. மேலே பூசிய அழகு அல்ல.

எந்திரத்தைப் பார்த்து மயங்கிய சிறுவன்

எந்திரம் கண்ணுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, கொங்கு நாட்டிலேயே ஒரு சான்று உண்டு.

கோவை அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. இளவயதில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குள் மோட்டார் சைக்கிளில் வந்ததை அவர் பார்த்தார். 'ரட்ஜ்' என்ற இங்கிலாந்து வண்டி அது. குதிரையும் இல்லாமல், மாடும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி அவர் மனத்தை விட்டுப் போகவில்லை.

கோவைக்குச் சென்றார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியதும் என்ன செய்தார்? ஊர் சுற்றினாரா? இல்லை. அதை அக்கு அக்காகக் கழற்றினார்! எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். மறுபடியும் பூட்டினார்.

அப்படித் தொடங்கிய கை, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டியது. பிறகு பெரிய பஸ் கம்பெனி நடத்தியது. இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரை 1937-ல் உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இன்று சட்டை போடாத வண்டியைச் சுற்றி நிற்கும் பையன்களைப் பார்த்து, 'வேலையற்றவர்கள்' என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களில் ஒருவன், 'இது எப்படி ஓடுகிறது?' என்று யோசித்துக்கொண்டிருக்கலாம்!

காற்று ஒரு காவல்காரன்

சட்டை போடாத வண்டியில் இன்னொரு குணமும் உண்டு. அது வேகத்தையும் மறைப்பதில்லை.

மூடி போட்ட வண்டியில், காற்று ஓட்டுகிறவரின் மேல் அதிகமாகப் படாது. 100 கிலோமீட்டர் வேகமும் 60 போலத் தோன்றும். இதில் அப்படி இல்லை. வேகம் கூடக் கூட, காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். 'போதும் தம்பி, நிறுத்து' என்று சொல்வதுபோல் இருக்கும்.

அந்தச் சொல்லைக் கேட்பவன் பிழைத்தான். கேட்காதவன்?

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருவதாக வைத்துக்கொள்வோம். அதைக் கண்டு, பிரேக்கைப் பிடிக்கவே ஒரு நொடி ஆகும். பிறகு வண்டி நிற்கச் சிறிது தூரம் ஓடும்.

நல்ல சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஏறத்தாழ 20 மீட்டரில் வண்டி நிற்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், ஏறத்தாழ 58 மீட்டர் ஓடிய பிறகே நிற்கும்!

வேகம் இரண்டு மடங்கு. தூரமோ ஏறக்குறைய மூன்று மடங்கு. மழை பெய்த ரோட்டிலும், மணல் கிடக்கும் ரோட்டிலும் இன்னும் அதிகம்.

சக்கரம் சறுக்காமல் பிரேக் பிடிக்க உதவும் 'ஏ.பி.எஸ்.' என்ற கருவி இந்த வண்டியில் இருக்கிறது. 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். ஆனால், அந்தக் கருவி சக்கரத்தைத்தான் காப்பாற்றும். குறுக்கே வந்த குழந்தைக்கும் வண்டிக்கும் இடையே உள்ள தூரத்தை அது கூட்டாது!

குடும்பத்துக்கு ஏற்றதா?

"ஏனுங்க தம்பி, லிட்டருக்கு எவ்வளவுங்க கொடுக்குது?"

இந்த வண்டியைக் கண்டதும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மொபெட் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஓடும் தூரத்தில், ஏறத்தாழப் பாதிதான் இது ஓடும்.

அடுத்த கேள்வியைப் பெண்கள் கேட்பார்கள். "மளிகைப் பையை எங்கே வைப்பது?" வைக்க இடம் இல்லை! பின்சீட்டு சிறியது. உயரமானது. அம்மாயியைக் கோவிலுக்கு அழைத்துச்செல்ல இது உதவாது. ஜமக்காளக் கட்டும் ஏற்ற முடியாது.

விலையும் குறைவு அல்ல. அறிமுகமானபோதே, சாலை வரியும் இன்சூரன்சும் சேராமல், ஏறக்குறைய இரண்டரை லட்சம் ரூபாய்.

ஆகவே, வீட்டில் ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும் என்றால், அது இதுவாக இருக்க வேண்டியது இல்லை. வேலைக்கு மொபெட், ஆசைக்குத்தான் சண்டைக்காரன்.

பெற்றோர் கவனத்துக்கு...

பெற்றோரின் பயம் வீண் பயம் அல்ல.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள்.

அந்த ஆண்டில், விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதல் இடம். 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் மாண்டார்கள்.

இன்னும் ஒரு கணக்கு: தலைக்கவசம் அணியாததால் அந்த ஆண்டில் நாடு முழுவதும் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள்!

இவர்கள் எல்லோரும் சண்டைக்கார வண்டியில் சென்றவர்கள் அல்ல. மொபெட்டிலும், ஸ்கூட்டரிலும் சென்றவர்களும் உண்டு. வண்டியின் சக்தி மட்டும் ஆளைக் கொல்வதில்லை. அவசரமும், அலட்சியமும் கொல்கின்றன.

மகன் இந்த வண்டியைக் கேட்டால், 'கூடாது' என்ற ஒரே சொல்லோடு பேச்சை முடித்துவிட வேண்டாம். சில கேள்விகளைக் கேளுங்கள்.

வயது 18 ஆகிவிட்டதா? கியர் உள்ள வண்டி ஓட்ட லைசென்சு இருக்கிறதா? 18 வயது ஆகாதவன் விபத்து செய்தாலும், சட்டத்தை மீறினாலும், தண்டனை பெற்றோருக்கு! 25 ஆயிரம் ரூபாய் அபராதமும், மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு என்று 2019-ல் வந்த திருத்தச்சட்டம் கூறுகிறது.

சிறிய வண்டியை அடக்கமாக ஓட்டிப் பழகியிருக்கிறானா? 4 குதிரையை அடக்கத் தெரியாதவன், 35 குதிரையை எப்படி அடக்குவான்?

வண்டிக்குச் சேர்த்த பணத்தில், நல்ல தலைக்கவசம் இரண்டு வாங்க ஒரு பங்கை ஒதுக்கியிருக்கிறானா? இரண்டு எதற்கு? பின்னால் உட்காருகிறவருக்கும் தலை இருக்கிறதே!

சைலென்சரைக் கழற்றிவிட்டு, ஊரே அதிரும் சப்தத்தோடு ஓட்டுவதும் சட்டப்படி குற்றம். சண்டைக்காரன் என்பது வண்டியின் பெயர்தான். ஊரோடு சண்டை போடச் சொல்லும் பெயர் அல்ல.

வேகத்துக்கு வேறு இடம் உண்டு

'அப்படியானால் இந்த வேகத்தை எங்கேதான் காட்டுவது?' என்று வாலிபர்கள் கேட்கலாம்.

அதற்கும் இடம் இருக்கிறது. கோவை அருகே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே என்ற பந்தயப் பாதை உள்ளது. கார் பந்தய வீரர் கரிவரதனின் நினைவாக அதற்கு அந்தப் பெயர். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரு பந்தயப் பாதை உண்டு.

அங்கே குறுக்கே ஆடு வராது. குழந்தை வராது. எதிரே பஸ் வராது. விழுந்தால் தூக்க ஆள் இருக்கும், ஆம்புலன்சு இருக்கும். வீரர்கள் தலை முதல் கால் வரை தோல் உடுப்பு அணிந்துதான் வண்டியில் ஏறுகிறார்கள். வேகத்தை நன்கு அறிந்தவர்கள்தான் அதற்கு அதிகமாகப் பயப்படுகிறார்கள்!

பவானியில் இருந்து மேட்டூர் செல்லும் சாலையில் காலை நேரத்தில் சென்றால் போதும். காவிரிக் காற்று வீசும். என்ஜின் மெதுவாக முழங்கும். 50, 60 கிலோமீட்டர் வேகத்திலேயே, இந்த வண்டியின் சுகம் முழுவதும் கிடைத்துவிடும். சட்டை போடாத வண்டியின் சிறப்பே அதுதான். இன்பத்தை அனுபவிக்க, உயிரைப் பணயம் வைக்கச் சொல்வதில்லை.

இது எதையும் மறைக்காத வண்டி. தன் பலத்தையும் மறைப்பதில்லை. ஓட்டுகிறவரின் புத்தியையும் மறைப்பதில்லை.

சண்டைக்காரனுக்குச் சட்டை வேண்டாம். ஆனால், ஓட்டுகிறவருக்குத் தலைக்கவசம் வேண்டும்!